ஒரு துண்டு ரொட்டிக்கு ஒரு ஆமென்

"இப்ப என்ன முழுங்கின, காப்பியையா, துதியையா?"

"ரெண்டையும்தான். உனக்கென்ன?"

"எனக்கென்னவா? நீ சத்தமா சொன்னாத்தானே நான் ஆமென் சொல்ல முடியும். முப்பத்தெட்டு வருஷமா தொண்டை வறளச் சொல்றேன், ஸிமி. நான் ஓட்டற பஸ்ஸுல கடைசி சீட்டுல தூங்கறவன்கூட என் குரலுக்கு முழிச்சுக்குவான். உன் குரல் உன் மூக்குக்கே எட்டறதில்ல."

"கடவுளுக்கு எட்டுது. போதும்."

"அவருக்கு எட்டும். ஆனா அவர் இறங்கி வந்து உனக்கு ஆமென் சொல்வாரா? அதுக்குத்தான் என்னை இங்க உட்கார வச்சிருக்கார்."

"நீ இல்லாதப்ப?"

"அதான் சிக்கல். தனக்குத்தானே ஆமென் சொல்லிக்கக் கூடாது. மீறிச் சொன்னா அசடுன்னு பேர் வச்சிருக்காங்க பெரியவங்க. அதனால நல்ல ஆளாப் பார்த்து வச்சுக்க. காது கேட்கற ஆளாப் பாரு."

இதைச் சொல்லிவிட்டு ஸிமியின் கணவர் அம்ராம் தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தார். அடுத்த நிமிடமே, ஸிமி மிச்சக் காப்பியைக் குடிக்கக் கோப்பையைத் தூக்கியபோது, தேவையே இல்லாமல் இன்னொரு ஆமென் சொன்னார். முன்பணமாம். "இருந்துட்டுப் போகட்டும், எங்கயாவது உதவும்" என்றார். இது இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு நடந்த பேச்சு. அடுத்த கோடை வருமுன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெயர்ஷேவா நகரில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டாம் மாடி வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஸிமி ஒஹாயோனுக்கு அதுதான் வீடு. யூதர் வீடு என்பதால் அங்கே ஒரு வாய் தண்ணீர் குடிப்பதென்றாலும் முதலில் கடவுளுக்குத் துதி. தண்ணீருக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, பிஸ்கட்டுக்கு வேறொன்று. அவள் எதைக் கையில் எடுத்தாலும் வீட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து அம்ராமின் ஆமென் வரும். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே சொல்வார். தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது, பிரதமர் பேச்சுக்கு நடுவே சொல்வார். கீழ்வீட்டு ஸவிக்காவோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, படிக்கட்டில் நின்றபடி திரும்பி ஒரு ஆமென் சொல்லிவிட்டுச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். குளியலறையில் இருந்தால் மட்டும் பதில் வராது. அங்கே கடவுள் பேச்சு பேசக்கூடாது. அப்போதெல்லாம் ஸிமி கோப்பையைக் கையில் பிடித்தபடி காத்திருப்பாள். அவர் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் காப்பி ஆறிப்போயிருக்கும். "யாரு உன்னைக் காத்திருக்கச் சொன்னா?" என்று கேட்பார். ஆனாலும் முகத்தில் ஒரு பெருமை தெரியும்.

ஒருநாள் அவளாகவே கேட்டாள், அந்த ஒரு சொல்லில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. அவர் யோசித்தார். "பெருசா ஒண்ணுமில்ல. 'நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு, நிசந்தான்'னு அர்த்தம். அவ்வளவுதான்."

அவர் போனபிறகு மகன் ரஃபி பதினோரு மாதம், ஒரு நாள் தவறாமல், ஜெப ஆலயத்துக்குப் போனான். இருப்பது ரிஷோன் நகரில், வேலை துறைமுகத்தில். விடியும் முன் எழுந்து, அப்பாவுக்காகப் பிள்ளை சொல்லவேண்டிய துதியைச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். ஊருக்கு வந்த சனிக்கிழமைகளில் ஸிமியும் கூடப் போவாள். பெண்கள் பகுதியில், மரச்சட்டத் திரைக்குப் பின்னால் நின்று கேட்பாள். மகன் ஒவ்வொரு வரியை முடிக்கும்போதும் கீழே கூடியிருக்கும் ஆண்கள் மொத்தமும் ஆமென் என்பார்கள். அறுபது எழுபது குரல் ஒன்றாக எழும்போது சன்னல் கண்ணாடி அதிரும். ஒருமுறை அவள் மனதில் ஒரு நினைப்பு வந்தது. செத்துப்போன மனுஷனுக்கு இத்தனை ஆமென்னா? உயிரோட இருக்கறவளுக்கு ஒண்ணுகூட இல்லையே. நினைத்த மறுகணம் வெட்கமாகிவிட்டது. புருஷன்மேலேயே பொறாமைப்படுகிறோமே என்று தலைத்துணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

யாரிடம் கேட்பது? பழைய குடித்தனங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிப் பல்கலைக்கழக மாணவர்கள் வந்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள். பார்த்தால் வணக்கம் சொல்லும், பையைத் தூக்கி மேலே வைக்கும். ஆனால் காதில் எப்போதும் ஏதாவது மாட்டியிருக்கும். ஸவிக்காவுக்குக் காதே போய்விட்டது. ஒருநாள் குழாய் பழுதுபார்க்க வந்தவன், அவள் கொடுத்த தண்ணீரை வாங்கி, பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு சத்தமாகத் துதி சொல்லிக் குடித்தான். அவள் மனம் குளிர ஆமென் சொன்னாள். இன்றைக்கு நமக்கும் ஒன்று உண்டு என்று அவசரமாக ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துத் துதியைத் தொடங்கினாள். கடைசிச் சொல் வரும்போது அவன் போன் அடித்தது. "எந்தத் தெரு? நாலாவது மாடியா? குழாயை மூடு, வர்றேன்" என்று பேசிக்கொண்டே படியிறங்கிவிட்டான். வாயில் பழத்தோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மகனிடமே கேட்டிருக்கலாம் என்று தோன்றும். முயன்றும் பார்த்தாள். ரஃபி தினமும் மாலை ஆறரைக்கு, வேலை முடிந்து வரும் வழியில் காரிலிருந்து போன் போட்டு, 'இமா' என்று அம்மாவை அழைத்துப் பேசுவான். ஒருநாள் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே, கையில் ஆப்பிளோடு தயாராக இருந்து, துதியை வாய்விட்டுச் சொன்னாள். பதிலுக்குக் காரின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "யாராவது வந்திருக்காங்களா, இமா? சரி சரி, நீ பேசிட்டிரு, நான் நாளைக்குக் கூப்பிடறேன்" என்று மரியாதையாக வைத்துவிட்டான். வேறு ஆளிடம் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டான், பாவம். விளக்கிச் சொல்லலாம்தான். என்னவென்று சொல்வது? வருடம் முழுக்க அப்பனுக்காக விடியலில் எழுந்து ஓடிய பிள்ளையிடம், எனக்கும் ஒரு ஆமென் போடு என்று கைநீட்டுவதா?

ரஃபியின் வீட்டுக்குப் போயிருந்தபோதும் அப்படித்தான். கூடத்தில் உட்கார்ந்து கேக்கைக் கையில் எடுத்துத் துதியைத் தெளிவாக, கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே சொன்னாள். சமையலறையிலிருந்து மருமகள் நோகா, "ஆரோக்கியமா இருங்க!" என்றாள். அந்த ஊரில் தும்மினாலும் அதுதான், சாப்பிட்டாலும் அதுதான். அன்பாகச் சொன்ன சொல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸிமி நன்றி என்றாள்.

நோகாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வடக்கே ஒரு கூட்டுப்பண்ணையில் பிறந்து வளர்ந்தவள். பிள்ளைகளெல்லாம் ஒரே விடுதியில் தூங்கி எழுந்த காலம் அது. கடவுள் பேச்சு அங்கே காதில் விழாது. இப்போது பள்ளியில் உயிரியல் ஆசிரியை. மாமியாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். முதன்முதலில் அதைக் கேட்ட ஸிமியின் அக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். அம்ராமோ, "உன்னையாவது பேர் சொல்லிக் கூப்பிடறா. என்னை 'கேளுங்க'ன்னுதான் கூப்பிடறா" என்று சிரித்தார்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு நோகா தனியாக இந்தச் சமையலறைக்கு வந்து, இதே மேசையில் உட்கார்ந்து, நேருக்கு நேராகச் சொன்னாள். "உங்க பையனைக் கட்டிக்கறேன். ஆனா தலையில துணி கட்ட மாட்டேன். வெள்ளிக்கிழமை மெழுகுவத்தி ஏத்த மாட்டேன். ஜெபம் எதுவும் என் வாயில வராது. பின்னாடி நீங்க கேட்டு நான் மறுத்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம். அதான் இப்பவே சொல்லிடறேன்." ஸிமிக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. மீனுக்கு மல்லித்தழை அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த விஷயத்துல உன்கிட்ட ஒண்ணுமே கேட்க மாட்டேன். ஒருநாள் கேட்டேன்னா, அன்னியோட என் மீன்ல கை வைக்காத" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பதினாலு வருடம் அந்த வாக்கைக் காப்பாற்றினாள். வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லோரும் எழுந்து நின்று ஆமென் சொல்லும்போது நோகாவும் எழுந்து நிற்பாள். வாய் மூடியிருக்கும், கண் தட்டில் இருக்கும். ஸிமி அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள், எங்கே பார்வையே ஒரு கேள்வியாகிவிடுமோ என்று. அதே ஜாக்கிரதை மெல்ல மெல்ல மற்ற விஷயங்களுக்கும் பரவிவிட்டது. உப்பு வேண்டுமென்றால் தானே எழுந்துபோய் எடுப்பாள். முதுகு வலித்தால் மகனிடம்தான் சொல்வாள். நோகா கொண்டுவந்து கொடுப்பதற்கெல்லாம் நன்றி மட்டும் சொல்வாள். போர்வை, கால் வீக்கத்துக்குச் செருப்பு, பெரிய எண் போட்ட போன், எல்லாவற்றுக்கும் நன்றி.

துணிக்கொடிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே சத்தமில்லாத நாட்கள் நீண்டுகொண்டே போயின. சத்தமாகச் சொன்னால் பதில் வராதது காதில் அறைந்தது. அதனால் முணுமுணுப்பாகச் சொன்னாள். பிறகு உதடு மட்டும் அசைந்தது. ஒரு நாள் பிற்பகல், பாதிக் காப்பி குடித்தபின்தான் துதியே சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பயந்துபோனாள். இத்தனை வயதுக்குமேல் நன்றி கெட்டவளாகப் போகிறோமா என்று கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம்தான் அந்த வழி புலப்பட்டது.

ரொட்டி சாப்பிட்டால், சாப்பிட்டு முடித்ததும் நீளமான நன்றித்துதி ஒன்று உண்டு. அதில் மூன்றாவது பகுதி எருசலேமைக் கட்டுகிறவரைப் போற்றி முடியும். சாப்பாட்டுத் துதிகளில் அந்த ஒரு இடத்தில் மட்டும், சொன்னவரே ஆமென் சொல்லிக்கொள்ள அனுமதி உண்டு. அதுவும் தாழ்ந்த குரலில். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள், கவனித்ததில்லை. அன்று ஒரு துண்டு ரொட்டி தின்றுவிட்டுத் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வரும்போது, அந்த ஆமென் அவள் வாயிலிருந்தே வந்து அவள் காதிலேயே விழுந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. காலி வீட்டில் ஒரு ஆமென். அசடு என்று யாரும் சொல்ல முடியாது. சட்டப்படி வந்த ஆமென்.

காப்பிக்கு அந்த வசதி இல்லை, ஆப்பிளுக்கும் இல்லை. ரொட்டிக்கு மட்டும்தான். ஒரு துண்டு போதும். ஆனால் ஒரு சாப்பாட்டுக்கு ஒரு ஆமென்தான். அதனால் காலையில் ஒரு துண்டு. பத்து மணிக்கு மறுபடி இரண்டு கைப்பிடிச் செம்பில் தண்ணீர் எடுத்து, முறைப்படி கைகழுவி, இன்னொரு துண்டு. மதியம், மூன்று மணி, ஐந்து மணி, செய்திக்கு முன், செய்திக்குப் பின். கைத்துண்டு நாளெல்லாம் ஈரமாகவே தொங்கியது. வாரத்துக்கு ஒரு ரொட்டி வாங்கியவள் இரண்டு நாளைக்கு ஒன்று வாங்கினாள். ஸிமிக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை வியாதி. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. இந்த ஒரு துண்டு என்ன செய்துவிடும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வாள்.

மூன்று மாதச் சோதனையில் மருத்துவமனை நர்ஸ் சர்க்கரை அளவைப் பார்த்தாள், பிறகு ஸிமியைப் பார்த்தாள், பிறகு ரஃபிக்குப் போன் போட்டாள். ரஃபி வந்து ரொட்டிப் பெட்டியைத் திறந்தான். உள்ளே இரண்டு முழு ரொட்டி, ஒரு பாதி. குளிர்ப்பெட்டியில் அவன் வாங்கி வைத்த கத்தரிக்காயும் தயிரும் தொடப்படாமலே இருந்தன. "ஏன் இமா?" என்றான். "பசிக்குது" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல். அவனுக்கு அது வேறுவிதமாகப் பட்டிருக்கவேண்டும். படிக்கட்டில் நின்று நோகாவோடு போனில் பேசியது கதவு வழியே கேட்டது. இமாவுக்கு மறதி ஆரம்பிச்சிருக்கு, சாப்பிட்டதை மறந்துட்டுத் திரும்பச் சாப்பிடறா. ஞாயிற்றுக்கிழமை வந்து கையோடு கூட்டிப்போகிறேன் என்றும் மகள் ஷாகேதின் அறையைத் தயார்செய் என்றும் சொன்னான்.

ஸிமி அந்த அறையை நினைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வயதுப் பேத்தி கூடத்துச் சோபாவுக்குப் போய்விடும். எல்லோரும் அன்பாக இருப்பார்கள். ரொட்டியைப் பூட்டி வைப்பார்கள். அவள் சாப்பிடும்போதெல்லாம் யாராவது ஆரோக்கியமா இருங்க என்பார்கள். கடைசிவரை அதுதான் காதில் விழும்.

செவ்வாய்க்கிழமை மதியம், பள்ளி முடிந்த கையோடு நோகா மட்டும் வந்தாள். ரிஷோனிலிருந்து ஒன்றரை மணிநேரம் காரோட்டி வந்திருந்தாள். துணிப்பெட்டி ஒன்றும் வெறும் அட்டைப் பெட்டிகள் இரண்டும் கொண்டுவந்திருந்தாள். அதிகம் பேசவில்லை. சமையலறையை ஒழித்தாள். மாவு, சர்க்கரை, மொரோக்கோ பிஸ்கட் டப்பா எல்லாம் அட்டைப் பெட்டிக்குள் போயின. ரொட்டியைக் கையில் எடுத்தவள் ஒருகணம் நின்றாள். ரொட்டியைக் குப்பையில் போடக்கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆனால் பதினாலு வருடம் இந்த வீட்டைப் பார்த்திருக்கிறாளே. பையில் கட்டிக் கீழே கொண்டுபோய், குப்பைத்தொட்டியின் பக்கவாட்டுக் கம்பியில் தனியாக மாட்டிவிட்டு வந்தாள். ஸிமி சன்னல் வழியே அதைப் பார்த்தாள். ஏனோ கண் கலங்கியது.

மேலே வந்த நோகா கைகழுவிவிட்டுத் துடைக்கத் துண்டை எடுத்தாள். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பக்கத்தில் இரண்டு கைப்பிடிச் செம்பு. அதையும் பார்த்தாள், ஸிமியையும் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் கைகழுவித்தான் சாப்பிட்டீங்களா?"

"பின்னே?"

"துதி எல்லாம் முழுசா சொல்லி?"

"முழுசா."

"அப்ப உங்களுக்கு மறதி ஒண்ணுமில்ல" என்றாள் நோகா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மறதி வந்தவங்க முதல்ல இதைத்தான் விடுவாங்க. ரஃபிகிட்ட அப்பவே சொன்னேன், உங்கம்மாவைப் பத்தி நீ நினைக்கறது தப்புன்னு. அவன் கேட்கல. தெரிஞ்சேதான் தின்னுருக்கீங்க. ஏன்?"

ஸிமி மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

நோகா எழுந்து காப்பி போட்டாள். சர்க்கரை இல்லாமல், ஸிமிக்குப் பிடித்தபடி ஏலக்காய் தட்டிப்போட்டு. அம்ராமின் கோப்பை எது என்று தெரிந்து அதைத் தொடாமல் வேறு இரண்டை எடுத்தாள். ஒன்றை ஸிமியின் முன்னால் வைத்தாள்.

"நன்றிம்மா."

நோகாவின் முகம் சுருங்கியது. "இதேதான். போர்வை வாங்கிட்டு வந்தா நன்றி. செருப்புக்கு நன்றி. கடைக்காரங்களுக்குச் சொல்ற மாதிரி. பதினாலு வருஷத்துல ஒரு உப்பு எடுத்துக் கொடுன்னுகூட என்னைக் கேட்டதில்ல நீங்க. நான் வளர்ந்த இடத்துலயும் இப்படித்தான், ஸிமி. எல்லாம் கிடைக்கும், யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டாங்க. இந்த வீட்டுக்கு வந்தப்ப, உங்க ரெண்டு பேர் கூச்சலையும் பார்த்துட்டு, இங்கயாவது என்னை யாராவது வேலை ஏவுவாங்கன்னு நினைச்சேன். உங்களுக்கு என்மேல பிடித்தம் இல்லைன்னு ரொம்ப நாளாவே நினைச்சுட்டிருக்கேன்."

"அய்யோ, அப்படி இல்ல."

"பின்னே என்ன?"

"நான்தான் உனக்கு வாக்குக் கொடுத்தேனே. உன்கிட்ட ஒண்ணும் கேட்க மாட்டேன்னு. இந்த மேசையில."

நோகாவுக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. பிறகு வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. "எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. பயந்துபோயிருந்தேன். அதை நீங்க உப்புக்கும் சேர்த்தா வச்சுக்கிட்டீங்க?"

ஸிமி கோப்பையைப் பார்த்தாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மேல் மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. இந்த வீட்டில் காப்பி ஆறும்வரை காத்திருந்த நாட்களெல்லாம் அவளுக்கு நினைவு வந்தன. இன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு யாரும் வரப்போவதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஒன்றரை மணிநேரம் காரோட்டி வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.

கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"நோகா."

"சொல்லுங்க."

"மீன்ல கை வைக்காதன்னு சொன்னேனே, அதை நீ மறந்துடு. எப்பவும் போல சாப்பிடு."

"சரி."

"நீ நம்பணும்னு இல்ல. ஜெபம் பண்ணணும்னு இல்ல. காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான். அம்ராம் அப்படித்தான் சொல்வார்." மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டாள். "நான் இந்தக் காப்பிக்கு இப்ப சத்தமா துதி சொல்லப் போறேன். சொல்லி முடிச்சதும், எனக்காக, நீ ஒரு ஆமென் சொல்றியா?"